எம்.ஏ.வுக்குக் கை கொடுக்க அடிப்படை ஆட்களை எப்படிப் பழக்குவது?

#1 ஜெலுத்தோங் தொண்டூழியன் | வியாழன், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் ஒரு தொண்டூழிய ஆம்புலன்ஸ் குழுவில் எட்டு வருடமாக இருக்கிறேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் அடிப்படை நிலை. முதலுதவி, நெஞ்சை அமுக்கும் சி.பி.ஆர்., இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி., ஆக்ஸிஜன், ரத்தம் நிறுத்துவது, எலும்பு முறிவுக்குப் பட்டை கட்டுவது, பத்திரமாகத் தூக்குவது, இவ்வளவுதான். ஊசி, மருந்து, குழாய் எல்லாம் ஆஸ்பத்திரி வண்டியில் வரும் எம்.ஏ.வின் (மெடிக்கல் அசிஸ்டென்ட்) வேலை. இப்போது அந்தப் பதவிக்கு உதவி மருத்துவ அதிகாரி என்று பெயர், ஆனால் நம் வாயில் இன்னும் எம்.ஏ.தான். மற்ற நாடுகளில் பாராமெடிக் செய்வதை இங்கே பெரும்பாலும் அவர்கள்தான் செய்கிறார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பிளாட். பதினோராம் மாடி, ஸ்ட்ரெச்சரைப் படுக்கை வசத்தில் லிஃப்டில் நுழைக்க முடியாது. அறுபது வயது ஐயா, சாமி மேடைக்கும் சோபாவுக்கும் நடுவே கிடந்தார். நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். நான் நெஞ்சை அமுக்கினேன், புதுப் பையன் மூச்சுக் காற்று தரும் பையை அமுக்கினான். கொஞ்ச நேரத்தில் எம்.ஏ. வந்தார். இளைஞர், நிதானமானவர். முட்டி போட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்து பையைத் தன் கைக்கு வாங்கிக் கொண்டார். "ஏழரை எடு" என்றார். பையன் அவருடைய மூட்டையைத் துழாவி 7.5 என்று போட்ட கையுறைப் பாக்கெட்டை எடுத்து நீட்டினான். அவர் கேட்டது மூச்சுக்குழாய்க்குள் போடும் 7.5 மி.மீ. டியூப். இரண்டிலும் அதே எண்தான் இருக்கிறது, பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் காட்டியதில்லை.

அதற்குள் ஐயாவின் வாயில் வாந்தி ஏறிவிட்டது. "சக்ஷன்" என்றார். வாயில் இருப்பதை உறிஞ்சி எடுக்கும் எங்கள் சக்ஷன் மெஷின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது, சார்ஜ் இல்லை. நான் அதை எட்டிப் பார்க்கத் திரும்பினேன். என் கை நெஞ்சிலிருந்து எடுபட்டது எனக்கே தெரியவில்லை. எம்.ஏ. கத்தவில்லை. "அண்ணே, நெஞ்சு" என்றார், அவ்வளவுதான்.

ஐயா பிழைக்கவில்லை. எங்கள் தடுமாற்றத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வார்த்தை இன்னும் காதிலேயே இருக்கிறது.

அடுத்த மாதம் புதிதாக ஆறு பேர் சேருகிறார்கள். பழக்கும் பொறுப்பு என்னிடம். எம்.ஏ.வின் வேலையில் எவ்வளவு தூரம் அவர்களுக்குச் சொல்லித் தருவது? எங்கே நிறுத்துவது? அமெரிக்காவில் அடிப்படை இ.எம்.டி.க்கான (ஆம்புலன்ஸ் ஊழியர்) பாடநூல்களிலேயே, பாராமெடிக்குக்கு எப்படி உதவுவது என்று தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் அது அவரவர் சொந்த அனுபவமாகவே நின்றுவிடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


#2 பழைய டிரெசர் | வியாழன், இரவு 11.25

தம்பி, மனம் விட்டு எழுதியதற்கு நன்றி. நான் ஓய்வு பெற்ற எம்.ஏ., பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பெயரில் டிரெசர் என்று வைத்துக் கொண்டது எங்கள் தோட்டத்து டிரெசரின் நினைவாக. தோட்டத்தில் பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, மரவெட்டுக் காயம் எதுவானாலும் அவர்தான். அவர் பக்கத்தில் விளக்குப் பிடித்து நின்றுதான் இந்தத் தொழில் மீது எனக்கு ஆசை வந்தது. விளக்குப் பிடிப்பது சின்ன வேலை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "நான் பார்க்குற இடத்தை நீயும் பாரு, அப்பத்தான் வெளிச்சம் அங்கே விழும்" என்பார்.

உன் கேள்விக்கு என் பதில் அதுதான். உன் ஆட்களுக்கு என் வேலையைச் செய்யக் கற்றுக் கொடுக்காதே. என் கை அடுத்து எதைத் தேடும் என்று தெரிந்திருக்கக் கற்றுக் கொடு.

குழாய் போடுவதையே எடுத்துக் கொள்வோம். வாய்க்குள் பார்க்க ஆரம்பித்துவிட்டால் என்னால் கண்ணை எடுக்க முடியாது. குரல்நாண் ஒரு நொடி தெரியும், எச்சில் வந்து மூடும், மறுபடி தெரியும். இடது கையில் தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக் கருவி, லாரிங்கோஸ்கோப். வலது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுவேன். அந்தக் கையில் குழாய் வந்து விழ வேண்டும், வளைவு சரியான பக்கம் பார்த்து. நான் திரும்பிப் பார்க்க வேண்டி வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

அதற்கு முன்னால் உதவி ஆள் என்ன பார்த்திருக்க வேண்டும் தெரியுமா? லாரிங்கோஸ்கோப்பின் கத்தியை மாட்டி நிமிர்த்தினால் விளக்கு வெள்ளையாக எரிகிறதா, மஞ்சளாக மங்குகிறதா? பல்பு ஆடினால் இறுக்கு. 10 மி.லி. சிரிஞ்சால் குழாயின் பலூனை ஊதிப் பார். கசியவில்லை என்றால் காற்றை முழுக்க இழுத்துவிடு, சிரிஞ்சைக் கழற்றாதே, அது உடனே மறுபடி வேண்டும். குழாய்க்குள் இருக்கும் கம்பி நுனியைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது, நீட்டினால் தொண்டையைக் கிழிக்கும். ஒரு சைஸ் சின்னது பிரிக்காமல் பக்கத்தில் இருக்கட்டும். சக்ஷன் என் வலது கைக்கு எட்டும் இடத்தில், ஓடிக் கொண்டே இருக்க வேண்டும்.

குழாய் போன பிறகுதான் பெரிய ஆபத்து. பெரும்பாலும் பெண்களுக்குப் பல் அருகே 21, ஆண்களுக்கு 23 சென்டிமீட்டர் கோடு வரும். அந்த எண்ணை உரக்கச் சொல். கட்டி முடிக்கும் வரை இரண்டு விரலால் குழாயை உதட்டோடு சேர்த்துப் பிடி. நான் முதலில் வயிற்றில் ஸ்டெத் வைப்பேன், பிறகு நெஞ்சின் இரண்டு பக்கமும். கார்பன் டை ஆக்ஸைடு காட்டும் கருவி இருந்தால் அதை மாட்டி வைப்பதும் உன் வேலை. நோயாளியை ஒவ்வொரு முறை தூக்கி வைத்த பிறகும் அந்த எண்ணை மறுபடி பார். மாடிப்படியில் இறங்கும்போது நழுவிய குழாயை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.


#3 பிறை வாசகன் | வெள்ளி, காலை 7.10

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. யாரும் தப்பாக எடுத்துக் கொள்ள வேண்டாம்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்த ஓபல்ஸ் ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஏற்கெனவே நல்ல சி.பி.ஆரும் சீக்கிரமான டிஃபிப்ரிலேஷனும் (மின் அதிர்ச்சி) இருந்த ஊர்களில், அதற்கு மேல் குழாய், மருந்து என்று உயர்நிலை சிகிச்சையைச் சேர்த்துப் பார்த்தார்கள். இதயம் நின்றவர்களில் பிழைத்து வீடு திரும்பியவர்கள் 5.0 விழுக்காட்டிலிருந்து 5.1 ஆனார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். 2018இல் பிரிட்டனில் பாராமெடிக்-2 ஆய்வு, 8,000 பேர். அட்ரினலின் கொடுத்தவர்களில் 3.2 விழுக்காட்டினர் 30 நாளில் உயிரோடு இருந்தார்கள், கொடுக்காதவர்களில் 2.4. ஆனால் மூளை நல்ல நிலையில் திரும்பியவர்கள் என்று பார்த்தால் இரு பக்கமும் பெரிய வேறுபாடு இல்லை.

அப்படியென்றால் ஆறு புது ஆட்களின் பயிற்சி நேரத்தைக் குழாயும் சிரிஞ்சும் எடுத்து நீட்டுவதற்குச் செலவழிப்பது சரியா? அந்த நேரத்தில் நெஞ்சு அமுக்குவதை இன்னும் நூறு முறை பழக்கலாமே. உங்கள் கதையிலேயே பாருங்கள், கடைசியில் எம்.ஏ. கேட்டது "நெஞ்சு" என்றுதான்.


#4 ஜெலுத்தோங் தொண்டூழியன் | வெள்ளி, காலை 7.55

வாசகன், நீங்கள் சொன்னதில் கடைசி வரி என்னைக் குத்தியது. ஆனால் அதையே நான் மறுபக்கமாகப் பார்க்கிறேன். என் கை ஏன் எடுபட்டது? சக்ஷன் ஏன் நின்றது, ஏழரை என்றால் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை, அதனால்தான் நான் திரும்பினேன். எடுத்துக் கொடுக்கும் ஆள் தன் வேலை தெரிந்தவனாக இருந்திருந்தால் நான் தலையே நிமிர்ந்திருக்க மாட்டேன். நெஞ்சு அமுக்குவது நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் பழக வேண்டும் என்கிறேன்.


#5 செந்தூல் அக்கா | வெள்ளி, மதியம் 1.30

கோலாலம்பூரில் அவசரப் பிரிவு நர்ஸ் நான், வார இறுதியில் தொண்டூழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பிறை தம்பி சொன்ன ஆய்வுகள் சரி. ஆனால் அவை இதயம் நின்று போனவர்களைப் பற்றியவை. ஒரு நாளில் நமக்கு வரும் கேஸ்களில் அது சின்னப் பங்கு. நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், சர்க்கரை இறங்கி மயக்கம், வலிப்பு, இவைதான் தினமும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் வீடுகளில் போய்ப் பார்த்தால் ஃபிரிட்ஜ் கதவில் இன்சுலின் இல்லாத வீடு குறைவு. அங்கே உதவி ஆளின் கை உண்மையிலேயே உயிர் காக்கும்.

நான் முதலில் பழக்குவது 12 லீட் இ.சி.ஜி. இதற்கு ஊசி இல்லை, மருந்து இல்லை. ஆனால் நேரத்தை மிச்சம் பிடித்துத் தரும். நெஞ்சு வலி என்றால், மருத்துவ ஆள் நோயாளியைத் தொட்ட பத்து நிமிடத்துக்குள் முதல் இ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறார்கள். எம்.ஏ. கேள்வி கேட்டுக் கொண்டு கையில் நரம்பு தேடும் நேரத்தில் நம் ஆள் ஸ்டிக்கர் ஒட்டி முடித்துவிடலாம்.

எங்கே ஒட்டுவது? கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். நெஞ்செலும்பின் மேல் முனையிலிருந்து விரலை இறக்கினால் ஒரு மேடு தட்டும். அதன் பக்கவாட்டில் இருப்பது இரண்டாம் விலா. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாம் இடுக்கு. அங்கிருந்து எண்ணிக் கொண்டு நாலாம் இடுக்குக்கு வாருங்கள். நெஞ்செலும்பை ஒட்டி வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. பிறகு வி4ஐ முதலில் ஒட்டிவிடுங்கள்: ஐந்தாம் இடுக்கு, கழுத்தெலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. வி2க்கும் வி4க்கும் நடுவில் வி3. வி4 இருக்கும் அதே மட்டத்தில் அக்குளின் முன் கோட்டில் வி5, நடுக் கோட்டில் வி6. புதியவர்கள் எப்போதும் வி1, வி2ஐ மேலே தூக்கி ஒட்டிவிடுவார்கள். எத்தனை முறை திருத்தியிருக்கிறேன்!

கை கால் வயர்களுக்கு நிறம் பார்க்க வேண்டும். இங்கே நாம் அதிகம் பார்ப்பது சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். அமெரிக்க நிற முறையில் வெள்ளை வலது கை, கறுப்பு இடது கை, சிவப்பு இடது கால், பச்சை வலது கால். எங்கள் குழுவுக்கு அன்பளிப்பாக ஒரு மெஷின் வந்தது, அது அமெரிக்க நிறம். பழைய பழக்கத்தில் ஒருவர் மாட்ட, இல்லாத கோளாறெல்லாம் தாளில் தெரிந்தது. வயரின் முனையில் எழுத்து அச்சடித்திருப்பார்கள், அதைப் படியுங்கள். இரண்டு கை வயரும் இடம் மாறினால் தாளில் லீட்-1 தலைகீழாக வரும், அதைப் பார்த்தவுடனே வயரைத் தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இதைப் புத்தகத்தில் யாரும் விரிவாக எழுதுவதில்லை. செந்தூலில் ஒரு வயதான அம்மா. "வாய்வுதாம்மா, ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிரும்" என்று சொல்லிக் கொண்டே இருந்தார். முகமெல்லாம் வேர்வை. வீட்டில் மகன், மருமகன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் நிற்கிறார்கள். அந்த நிலையில் ரவிக்கையை அவிழ்க்கச் சொன்னால் எந்த அம்மா சம்மதிப்பார்? எல்லாரையும் சமையலறைப் பக்கம் அனுப்பினேன். அவருடைய கைலியையே போர்த்தி, அதற்கு அடியில் கை விட்டுத்தான் ஒட்டினேன். மார்பகத்தைப் புறங்கையால் தூக்கி, அதற்குக் கீழே. என்ன செய்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் தமிழில் சொன்னேன். வேர்வையைத் துண்டால் துடைத்த பிறகும் இரண்டு ஸ்டிக்கர் நழுவியது, அழுத்திப் பிடித்துக் கொண்டேன். தாள் வெளியே வந்ததும் எம்.ஏ. ஒரு பார்வை பார்த்துவிட்டு போனை எடுத்தார். மாரடைப்பு. இதையெல்லாம் எம்.ஏ. ஒருவரே செய்ய வேண்டும் என்றால் அந்த வீட்டில் இன்னும் கால் மணி நேரம் நின்றிருப்போம். பெண் தொண்டூழியர்களை இதற்குப் பழக்குங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.


#6 பாலிக் புலாவ் ஓட்டுநர் | வெள்ளி, மாலை 6.05

நான் வண்டி ஓட்டுபவன். ஓட்டுநரையும் இந்தப் பயிற்சியில் உட்கார வையுங்கள்.

தெலுக் பஹாங் அணைக்கட்டைத் தாண்டி பாலிக் புலாவ் போகும் சாலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், வளைவுக்கு மேல் வளைவு. பின்னால் எம்.ஏ. ஊசியைக் கையில் வைத்துக் கொண்டு நிற்பார். முன்னால் இருக்கும் எனக்கு அது எப்படித் தெரியும்? எங்களுக்குள் ஒரு பேச்சு வைத்துக் கொண்டோம். வளைவு வருவதற்கு முன்பே நான் "இடது", "வலது" என்று குரல் கொடுப்பேன். பின்னால் இருந்து "ஊசி" என்று சத்தம் வந்தால் ஓரம் கட்ட இடம் பார்த்து நிறுத்துவேன், "முடிஞ்சது" என்று கேட்ட பிறகுதான் எடுப்பேன். நிறுத்தும் நேரத்தை விட, ஓடும் வண்டியில் நாலு முறை குத்தித் தோற்கும் நேரம் அதிகம்.

பினாங்குப் பாலத்துக்கும் அதே கதைதான். பழைய பாலத்தில் 8.4 கிலோமீட்டர் கடல் மேலே. ஏறிவிட்டால் நின்று செய்ய வசதி கிடையாது. செய்ய வேண்டியதை ஏறுவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள் என்று நான் கேட்டுவிடுவேன்.


#7 புதுமுகம் | வெள்ளி, இரவு 9.15

வணக்கம். எனக்கு 19 வயது. தொண்டூழியத்தில் சேர்ந்து மூன்று மாதம். எல்லாரும் எடுத்துக் கொடுப்பதைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். எம்.ஏ. ஏதோ தவறாக எடுப்பது போல எனக்குத் தெரிந்தால் நான் சொல்லலாமா? அவர் மூன்று வருடம் டிப்ளோமா படித்தவர். நான் நாலு வார இறுதி வகுப்புக்குப் போனவன். எங்கள் வீட்டில் பெரியவர்களைத் திருத்திப் பேசி எனக்குப் பழக்கமே இல்லை.


#8 பழைய டிரெசர் | வெள்ளி, இரவு 9.50

தம்பி, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வியை நீதான் கேட்டிருக்கிறாய்.

பல வருடத்துக்கு முன்பு, ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இரவு டூட்டி, மூன்றாவது கேஸ், கண் எரிகிறது. ஊசி போட்ட பிறகு நரம்பைக் கழுவ உப்புநீர் வேண்டும். தட்டில் 10 மி.லி. பிளாஸ்டிக் குப்பிகள் கிடந்தன. ஒன்றை எடுத்து மூக்கைத் திருகிவிட்டேன். பக்கத்தில் நின்ற அட்டெண்டன்ட், அதிகம் படிக்காதவர், என் கையையே பார்த்துக் கொண்டிருந்தார். "சார், இதுல வேற எழுத்து இருக்கு சார்" என்றார். பார்த்தேன், பொட்டாசியம் குளோரைடு. உப்புநீர்க் குப்பியும் அதுவும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வேகமாக நரம்பில் போனால் இதயத்தையே நிறுத்திவிடும் மருந்து அது.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உள்ளங்கை ஜில்லென்று ஆகிறது. ஓய்வு பெறும் வரை தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை.

அதனால் சொல்லு. எப்படிச் சொல்வது என்று பழகிக் கொள். "நீங்க தப்பு" என்று சொல்ல வேண்டாம். பெயரைப் படி. "அண்ணே, இதுல அட்ரினலின் ஒரு மில்லிகிராம்னு போட்டிருக்கு, தேதி சரியா இருக்கு" என்று படித்துக் காட்டிவிட்டுக் கொடு. சரியாக இருந்தாலும் படி, தவறாக இருந்தாலும் படி. எப்போதும் படிக்கிறவன் படிக்கும்போது யாருக்கும் கௌரவக் குறைவு வராது. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் எம்.ஏ. இருந்தால் அது அவருடைய குறை, நீ படிப்பதை நிறுத்தாதே.


#9 பிறை வாசகன் | வெள்ளி, இரவு 10.20

ஐயா, இதைப் படித்த பிறகு என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக் கொள்கிறேன். ஆனால் ஒரு பயம் மட்டும் போகவில்லை. உதவி செய்யப் பழகியவன் நாளைக்கு "நானே குத்திவிடுகிறேன்" என்று கிளம்ப மாட்டானா?


#10 செந்தூல் அக்கா | சனி, காலை 6.40

அந்தப் பயம் நியாயமானது. எம்.ஏ.க்கள் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு பொறுப்பு இருக்கிறது. நம் தொண்டூழியர் ஊசி குத்தினால் நோயாளிக்குப் பதில் சொல்ல யாருமே இல்லை. என் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவேன்: தோலைத் துளைப்பதும், மருந்தை உள்ளே செலுத்துவதும், குழாயைத் தொண்டைக்குள் இறக்குவதும் நம் வேலை கிடையாது. எம்.ஏ. "நீயே போடு" என்று சொன்னாலும் கிடையாது. தயார் செய்வது, படித்துக் காட்டுவது, பிடித்துக் கொள்வது, நேரம் சொல்வது, சுத்தம் செய்வது, இதெல்லாம் நம்முடையது.

இதுவே கை நிறைய வேலை. ட்ரிப் போடுவதை எடுங்கள். பாட்டிலின் பெயர், காலாவதித் தேதி, தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, அமுக்கினால் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். குழாயைப் பாட்டிலில் குத்துவதற்கு முன் உருளைக் கிளிப்பை மூடுங்கள், இல்லாவிட்டால் தரையெல்லாம் ஈரம், குழாயெல்லாம் காற்று. சொட்டு அறை பாதி நிரம்பிய பிறகு கிளிப்பைத் திறந்து, நுனி வரை ஓடவிட்டு, குமிழி எல்லாம் போனதும் மூடுங்கள். நுனி மூடியைக் கீழே போட்டுவிட்டால் புதிதாக எடுங்கள், துடைத்து மாட்டாதீர்கள். ஊசி நிறமும் தெரிய வேண்டும். 18 பச்சை, 20 பிங்க், 22 நீலம். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி மயங்கியவருக்கு 50 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் கொடுக்க வேண்டி வந்தால் அது பாகு மாதிரி இருக்கும், நீலத்தில் தள்ளினால் கட்டைவிரல் வலிக்கும். "பச்சை எடு" என்று எம்.ஏ. ஏன் கேட்கிறார் என்று தெரிந்தவன் தேடாமல் எடுப்பான். குத்திய ஊசியை மறுபடி மூடியால் மூடாதீர்கள், மஞ்சள் டப்பாவைத் தூக்கி அவர் கைக்கு அடியில் கொண்டு போங்கள்.

இதயம் நின்ற கேஸில் மருந்து போனதும் 20 மி.லி. உப்புநீர் தள்ளிவிட்டு அந்தக் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், மருந்து நெஞ்சு வரை போய்ச் சேர. அந்தக் கையைப் பிடிப்பது யார்? முன்பே ஆள் குறிக்காவிட்டால் யாரும் பிடிக்க மாட்டார்கள்.


#11 ஜெலுத்தோங் தொண்டூழியன் | ஞாயிறு, இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி சொல்லி முடியாது. நீங்கள் எழுதியதை அச்செடுத்துக் கொண்டு, பழைய ஆட்கள் நாலு பேர், அந்தப் புதுப் பையன், எங்கள் ஓட்டுநர் எல்லாரையும் இன்று காலை கூட்டினேன். ஆயர் ஈத்தாமுக்கு அன்று வந்த அதே எம்.ஏ.வையும் அழைத்தேன். டூட்டி முடித்து, தூங்காமல், பசியாறிவிட்டு நேராக வந்தார். தனியாக நாங்கள் பழகினால் போதாது, யாருக்குக் கை கொடுக்கப் போகிறோமோ அவரோடு சேர்ந்துதான் பழக வேண்டும் என்பது எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது.

முதலில் அவர் தன் மூட்டையைத் தரையில் விரித்தார். ஒவ்வொன்றையும் எடுத்துப் பெயர் சொல்லி, திரும்ப அதே இடத்தில் வைக்கச் சொன்னார். பிறகு கண்ணைக் கட்டிக் கொண்டு எடுக்கச் சொன்னார். மின்சாரம் போன வீட்டில், அலமாரிக்குப் பின்னால் விழுந்தவரிடம் வேலை செய்யும்போது கை மட்டும்தான் கண் என்றார்.

அப்புறம் எங்கள் நிலையத்துத் தாழ்வாரத்தில் மேசை நாற்காலியைப் போட்டு, பிளாட் வீட்டு வரவேற்பறை அளவுக்கு இடத்தைக் குறுக்கினோம். பொம்மையை நடுவில் கிடத்தினோம். வார்த்தைகளை முதலில் ஒத்துக் கொண்டோம், ஏனென்றால் எங்கள் குழுவில் தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றும் ஓடும். நாடி என்ற சொல்லில் மட்டும் தகராறே இல்லை, மலாயிலும் அது நாடிதான். கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் யாரும் எதையும் நீட்டக் கூடாது என்று வைத்தோம்.

முதல் சுற்று படுமோசம். அமுக்குபவர் மாறும் ஒவ்வொரு தடவையும் பத்து விநாடிக்கு மேல் கை நின்றது. எம்.ஏ. சொன்ன வழி இது: மாறப் போகிறவர் முன்கூட்டியே எதிர்ப் பக்கத்தில் முட்டி போட்டுக் கையை நெஞ்சுக்கு மேல் காற்றில் வைத்திருக்க வேண்டும், இவர் கை எடுக்கும்போது அவர் கை விழ வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றம், அதை உரக்கச் சொல்ல ஒரு ஆள், அவர் கையில் கடிகாரமும் தாளும் தவிர வேறு எதுவும் இல்லை. அட்ரினலின் போன நேரத்தையும் அவரே எழுத வேண்டும், மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் அடுத்தது என்று நினைவூட்டவும் வேண்டும்.

பை அமுக்குவதுதான் எங்களுக்குப் பெரிய பாடம். குழாய் போட்ட பிறகு ஆறு விநாடிக்கு ஒரு மூச்சு. கேட்க மெதுவாகத் தெரிகிறது, பதற்றத்தில் யாருடைய கையும் அவ்வளவு மெதுவாக ஓடுவதில்லை. எங்கள் ஆள் ஒருவர் ஓயாமல் அமுக்கிக் கொண்டே இருந்தார். நெஞ்சுக்குள் காற்று அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமே குறைந்துவிடும் என்று எம்.ஏ. விளக்கினார். பிறகு அவர் அருகில் உட்கார்ந்து, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணி, ஆறாவதில் மட்டும் அவருடைய தோளைத் தொட்டார். பத்து நிமிடம் அப்படியே தொட்டுக் கொண்டிருந்தார். அதன் பிறகு தொடாமலே சரியாக வந்தது.

மூன்றாவது சுற்றில் எம்.ஏ. வாய்க்குள் பார்த்துக் கொண்டே வலது கையை நீட்டி, "ஏழரை" என்றார். நம் பையன் அசையவில்லை. "ஏழரை டியூபா, கையுறையாண்ணே?" என்று திருப்பிக் கேட்டான். "டியூப்." "டியூப் ஏழரை, பலூன் பார்த்தாச்சு, சிரிஞ்சு மாட்டியிருக்கு" என்று சொல்லிக் கையில் வைத்தான். வளைவு சரியான பக்கம் பார்த்திருந்தது. நான் நெஞ்சை அமுக்கிக் கொண்டிருந்தேன். இந்தத் தடவை திரும்பவில்லை, காதால் மட்டும் கேட்டேன்.

சக்ஷன் மெஷினுக்கு இனிமேல் ஒவ்வொரு டூட்டி ஆரம்பத்திலும் ஒரு கிளாஸ் தண்ணீரை உறிஞ்சிக் காட்ட வேண்டும், காட்டியவர் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இன்றே ஆரம்பித்துவிட்டோம்.


#12 பழைய டிரெசர் | ஞாயிறு, இரவு 9.05

படித்தேன் தம்பி, மனசு நிறைந்தது. அந்தப் பையனிடம் நான் சொன்னதாகச் சொல்லு, கேள்வியைத் திருப்பிக் கேட்டது நல்ல பழக்கம். அடுத்த முறை எப்போது? பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து வருகிறேன். என்னிடம் பழைய லாரிங்கோஸ்கோப் கைப்பிடி ஒன்றும் மூன்று கத்தியும் இருக்கின்றன, பயிற்சிக்குக் கொண்டு வருகிறேன்.


#13 பாலிக் புலாவ் ஓட்டுநர் | ஞாயிறு, இரவு 9.12

தாழ்வாரம் சரி. மாடிப்படியில் இறக்கிப் பார்த்தீர்களா?


#14 ஜெலுத்தோங் தொண்டூழியன் | ஞாயிறு, இரவு 9.40

இன்னும் இல்லை அண்ணே. வரும் ஞாயிறு காலை எட்டு மணி. பதினோராம் மாடியிலிருந்து, லிஃப்ட் இல்லாமல். எங்கள் உறுப்பினர் ஒருவர் குடியிருக்கும் பிளாட்டில் அனுமதி வாங்கியாகிவிட்டது. ஒவ்வொரு மாடி திருப்பத்திலும் பொம்மையை வைத்து, குழாயின் எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி தூக்குவோம். ஐயா, நீங்கள் மேலே ஏற வேண்டாம், கீழே வண்டிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று கடைசி எண்ணை மட்டும் பாருங்கள். ஃபெர்ரி நேரம் சொல்லுங்கள், நானே வந்து ஏற்றிக் கொள்கிறேன்.